10:40-க்கு அங்கே யாரும் இல்லை

ஒரு விமானம் தாமதமாகக் கிளம்பியதற்கு என்னிடம் விளக்கம் கேட்ட படிவம் அது. "தாமதத்துக்கான காரணம்" என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தார்கள். முதல் கோட்டில் "வலது எஞ்சின் கவ்லிங் லாட்ச் மறுபடி பார்க்கப்பட்டது" என்று எழுதினேன், எஞ்சினைப் போர்த்தும் கதவின் பூட்டைச் சொல்கிறேன். இரண்டாவது கோட்டில் "குறை எதுவும் இல்லை". மூன்றாவது கோட்டுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) போய் ஒரு தே தாரிக், அதாவது ஆற்றிய பால் டீ, குடித்துவிட்டு வந்தேன். வந்த பிறகும் தெரியவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது 2015 நவம்பர், தீபாவளிக்கு முந்தின வாரம். அந்த மூன்றாவது கோட்டில் எழுதியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அப்போது நான் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் லைன் எஞ்சினியர். பெரிய ஹேங்கர் வேலை இல்லை. வந்து நிற்கிற விமானத்தைச் சுற்றிப் பார்த்து, பைலட் எழுதி வைத்த குறையைத் தீர்த்து, டெக் லாக்கில் (விமானத்தின் குறைகளும் வேலைகளும் எழுதும் பதிவேடு) கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வேலை. எங்களுக்கென்று சொந்த விமானம் கிடையாது. வெளியூர் கம்பெனிகளின் விமானங்களுக்கு ஒப்பந்தத்தில் ஆள் கொடுக்கிற இடம் அது. ஒரு ஷிஃப்டுக்கு லைசென்ஸ் உள்ளவன் நான் ஒருத்தன், கூட ஒரு டெக்னிஷியன். கையெழுத்து என் கையெழுத்து. என் கையெழுத்து இல்லாமல் விமானம் நகராது என்பதில் ஒரு மிதப்பும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

நேர நெருக்கடி என்றதும் யாரோ மேலதிகாரி மேசையைத் தட்டி "சீக்கிரம் கையெழுத்துப் போடு" என்று கத்துவதாகத்தான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் ஒரு தடவைகூட யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஏரோபிரிட்ஜ் வாசலில் வாக்கி டாக்கியோடு நிற்கிற மலாய்ப் பையன் மரியாதையாக, சிரித்துக்கொண்டே, "பாங், பெராப்பா மினிட் லாகி?" என்று கேட்பான். அவ்வளவுதான். இன்னும் எத்தனை நிமிஷம் அண்ணே. இரண்டு நிமிஷம் கழித்து அதையே கேட்பான். அவன் மேல் தப்பில்லை, அவனை வாக்கி டாக்கியில் இன்னொருத்தர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்விக்கு "ஐந்து" என்று பதில் சொன்ன நொடியிலிருந்து அந்த ஐந்து நிமிஷம் நம்முடைய வாக்காகிவிடுகிறது. அப்புறம் வேலை பார்ப்பது விமானத்துக்காகவா, சொன்ன சொல்லைக் காப்பாற்றவா என்று நமக்கே தெரியாது.

மின்னல் விளக்கு

அந்த வருடம் புகைமூட்டம் ஞாபகம் இருக்கும். செப்டம்பர், அக்டோபர் முழுக்க சுமத்ராப் புகை, பள்ளிக்கூடங்களை எல்லாம் மூடினார்கள். ஒருவழியாக மழை வந்து வானம் கழுவிவிட்ட வாரம் அது. சாயங்காலம் ஆனால் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும்.

6:05-க்கு வந்து நின்றது ஒரு ஏ320. வி2500 எஞ்சின். 6:55-க்குத் திரும்பிப் போக வேண்டும். கேப்டன் டெக் லாக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: பறக்கும்போது இரண்டாம் எஞ்சினின் ஐடிஜி எண்ணெய் வெப்பம் கொஞ்சம் ஏறி, தானாகவே இறங்கிவிட்டது. ஐடிஜி என்பது எஞ்சினில் மாட்டியிருக்கிற ஜெனரேட்டர். அதன் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு, அதைப் பார்க்க கவ்லிங்கைத் திறந்தாக வேண்டும். கவ்லிங் என்றால் எஞ்சினின் முன்பகுதியைப் போர்த்தியிருக்கும் இரண்டு பெரிய கதவுகள். மேலே கீல், அடியில் லாட்ச். வி2500-க்கு நான்கு லாட்ச்.

இந்த இடத்தை ஏ320-ஐக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் அடிவயிறு தரைக்கு மிகப் பக்கம். லாட்சைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் குனிந்தால் போதாது, மண்டியிட்டுத் தலையைச் சாய்க்க வேண்டும், இல்லை படுக்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் கதவு மூடியிருப்பதுதான் தெரியும். பூட்டியிருக்கிறதா என்று தெரியாது. கதவைச் சும்மா இறக்கி விட்டாலே அதன் பாரத்தில் ஒழுங்காக மூடினது மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

திறந்தோம். தம்பி (டெக்னிஷியனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், சுங்கை ஆரா பையன், அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்) தாங்கு கம்பியை மாட்டினான். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் பச்சைக் கோட்டுக்குள்தான் இருந்தது. ஃபில்டர் அடைப்பைக் காட்டும் குமிழும் வெளியே வரவில்லை. சரி, மூடிவிடலாம் என்று நினைத்தபோது மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழல ஆரம்பித்தது. அது எரிந்தால் ரேம்ப்பில், அதாவது விமானங்கள் நிற்கிற தளத்தில், ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. பெட்டி ஏற்றுகிறவர்கள், எண்ணெய் வண்டிக்காரர் என எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். கடல் பக்கமிருந்து காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது. திறந்த கவ்லிங் காற்றில் ஆடுவது நல்லதில்லை, அதனால் இரண்டு பேருமாகக் கம்பியைக் கழற்றிக் கதவை இறக்கினோம். மழை பொத்துக்கொண்டு வந்தது. ஓடினோம்.

என் ஞாபகம் இதுவரைக்கும் படம் பார்ப்பது போலத் தெளிவாக இருக்கிறது. கம்பி, கதவு, மழை, ஓட்டம். கதவு இறங்கியதற்கும் ஓடியதற்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இல்லை.

6:46-க்கு விளக்கு அணைந்தது. அணைந்தவுடன் எல்லாம் ஒரே நேரத்தில். எண்ணெய் வண்டிக்காரர் எரிபொருள் பேனல் பக்கம் நின்று கை காட்டிக் கூப்பிட்டார், நான் அங்கே போனேன். தம்பி ஹெட்செட் எடுக்கப் போனான். பெட்டிகள் பாதிதான் ஏறியிருந்தன. எரிபொருள் முடிந்ததும் நான் நேராக மேலே காக்பிட்டுக்கு ஏறி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு டெக் லாக்கைத் திறந்தேன். வாசலில் அந்தப் பையன். பெராப்பா மினிட் லாகி. லீமா, என்றேன். ஐந்து.

டெக் லாக்கில் நேரமெல்லாம் யூடிசி என்கிற உலகப் பொது நேரம், நம் கடிகாரத்தில் எட்டு மணி நேரம் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கில் நான் கறாரானவன் என்று பேர். எந்தக் குறையோடு பறக்கலாம் என்று சொல்லும் எம்இஎல் பட்டியல் அதைத் தீர்க்கக் கெடு கொடுக்கிறது இல்லையா, பி என்றால் 3 நாள், சி என்றால் 10, டி என்றால் 120, எழுதின நாள் கணக்கில் சேராது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் செத்த நாளைச் சேர்த்தா சேர்க்காமலா என்று பெரியப்பாக்கள் மல்லுக்கு நிற்பது போல, நானும் கெடு முடிகிற நாளுக்காகப் பல பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். யூடிசியில் நாள் மாறும்போது நமக்குக் காலை 8 மணி, அதனால் விடியற்காலை விமானங்களில் இந்தச் சண்டை அடிக்கடி வரும். நாளை எண்ணுவதில் அவ்வளவு சுத்தமாக இருந்த ஆள்தான் அன்றைக்கு நிமிஷத்தைக் கைக்கு வந்தபடி எழுதினேன். கவ்லிங் திறந்தது 10:18. எண்ணெய் மட்டம் சரி. கவ்லிங் மூடிப் பூட்டியது 10:40. ஒரே மூச்சில், ஒரே பேனாவில், பென்சில் பெட்டி தேடுகிற பள்ளிப் பையன் அவசரத்தில். கையெழுத்து, லைசென்ஸ் நம்பர், முத்திரை.

கேப்டன் கேட்டது

கேப்டன் ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேசாதவர். லாக்கை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, என் வரிகளை மேலிருந்து கீழே படித்தார். பெரும்பாலான கேப்டன்கள் கடைசிக் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், இவர் படித்தார். பேனாவை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் 10:40 மேல் பேனா முனையை வைத்தார்.

"அந்த நேரத்துக்கு ரேம்ப் மூடியிருந்ததே. கீழே யாருமே இல்லையே."

ஆங்கிலத்தில்தான் கேட்டார், குரலை உயர்த்தாமல். குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. மழை நேரம் முழுக்க அவர் காக்பிட் ஜன்னலில் உட்கார்ந்து காலி ரேம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். நேரத்தில் ஒரு பத்து நிமிஷம் முன்னே பின்னே போனால் என்ன, காற்றுக்கு முன்னாலேயே மூடிவிட்டேன், 10:24 என்று திருத்திவிட்டால் தீர்ந்தது. வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான், 10:24-க்கு என்ன செய்தேன் என்று யோசித்தேன். கதவை இறக்கினேன். லாட்ச்? என் விரலில் அந்த அழுத்தம் ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தேன். லாட்சைத் தள்ளும்போது உள்ளங்கையில் ஒரு சின்ன வலியோடு சொடக்கென்று உட்காரும், ஆயிரம் தடவை செய்தவனுக்கு அது தெரியும். அன்றைய சொடக்கு எனக்கு ஞாபகத்தில் இல்லை. நேற்றையது இருந்தது, போன வாரத்தது இருந்தது.

"கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு பேனாவை மூடினார். ஏரோபிரிட்ஜ் படியில் இறங்கும்போது அந்தப் பையன் ஏதோ கேட்டான், பதில் சொல்லவில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்ற தம்பியிடம், "கவ்லிங் லாட்ச் பூட்டுனியா?" என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர் தேங்கி நின்ற தரையில் அப்படியே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன். முதுகு முழுக்க நனைந்தது. முன்னாலிருந்து பின்னால் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் பூட்டியிருந்தன. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், வெளியே ஒரு நூல்கூட நீட்டவில்லை. திரும்பவும் எண்ணினேன். எழுந்து போய் மறுபக்க எஞ்சினுக்கும் படுத்துப் பார்த்தேன், அதை அன்று திறக்கவே இல்லை, இருந்தாலும்.

மேலே வந்து 10:40-இன் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். லாக்கில் அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. பழையதைப் படிக்க முடிகிற மாதிரி ஒரு கோடு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. அதன் கீழே உண்மையான நேரம், லாட்ச் கண்ணால் பார்த்தது என்று. கேப்டன் கையெழுத்துப் போட்டார், மஞ்சள் நகலைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். நகல் எப்போதும் தரையில்தான் நிற்க வேண்டும், விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் லாக்கும் அதோடு போய்விடும் என்பதால். 7:31-க்குப் புஷ்பேக், விமானத்தைப் பின்னால் தள்ளிக் கிளப்பினார்கள். 36 நிமிஷத் தாமதம். அதில் 25 மழையின் கணக்கு. 11 என் கணக்கு.

படித்தேன் என்று கையெழுத்திட்ட தாள்

என்னை ரொம்ப நாள் அரித்தது அந்த 11 நிமிஷம் அல்ல. நான்கு மாதத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்ட வேறொரு தாள்.

2013 மே 24 அன்று ஹீத்ரோவிலிருந்து ஓஸ்லோவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏ319 ஒன்றில், தரையைவிட்டு மூக்கைத் தூக்கும்போதே இரண்டு எஞ்சின்களின் கவ்லிங் கதவுகளும் பிய்த்துக்கொண்டு போயின. அதுவும் வி2500. வலது எஞ்சினில் எரிபொருள் குழாய் கிழிந்து, திரும்பி வரும் வழியில் தீப்பிடித்தது. 75 பயணிகளும் காயமில்லாமல் இறங்கினார்கள். விசாரணை அறிக்கை 2015 ஜூலையில் வந்தது. அதில் இருந்ததைப் படித்தபோது நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின இரவு இரண்டு டெக்னிஷியன்கள் கவ்லிங்கைத் திறந்து ஐடிஜி எண்ணெய் பார்த்திருக்கிறார்கள். ஆமாம், அதே ஐடிஜி. எண்ணெய் நிரப்பக் கருவி எடுத்து வரலாம் என்று பூட்டாமல் போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது தவறான விமானத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே கவ்லிங் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. யாரோ பூட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்கள். காலையில் துணை பைலட் சுற்றிப் பார்த்தார், புஷ்பேக் ஆட்கள் பக்கத்திலேயே நின்றார்கள், யார் கண்ணிலும் படவில்லை.

அந்த அறிக்கையின் சுருக்கம் எங்கள் ஸ்டேஷனுக்கும் வந்தது. படித்துவிட்டுப் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். தவறான விமானத்துக்குப் போவார்களாமா, இரண்டு பேருக்குமா தெரியவில்லை என்று டீ குடிக்கும்போது பேசிச் சிரித்தோம். கவ்லிங்கைத் திறக்கும்போதே லாக்கில் ஒரு வரி எழுதிவிட வேண்டும், மூடின பிறகு அந்த வரியை மூட வேண்டும் என்பதுதான் அந்த விவகாரத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். திறந்த வரி ஒன்று லாக்கில் தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் கையெழுத்துப் போட முடியாது, யார் மறந்தாலும் காகிதம் மறக்காது. நான் திறந்ததையும் மூடியதையும் சேர்த்து ஒரே நேரத்தில் எழுதினேன். அப்படி எழுதினால் அந்தக் காகிதத்துக்கு வேலையே இல்லை, என் கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று காட்டுவதைத் தவிர.

2018 ஜூலையில் பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் ஏ330 விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த ஊரில் குளவி கூடு கட்டிவிடும் என்று வேகத்தை அளக்கிற பிட்டோ குழாய்களுக்கு உறை மாட்டுவார்கள், அதைக் கழற்றாமலே விமானம் ஏறிவிட்டது, வேகமே காட்டாமல். பத்திரமாகத் திரும்பி இறங்கியது. அன்று நம் ஆட்கள் பலர் "கண்ணு எங்கே போச்சு" என்று திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

77-ஆ 41-ஆ

தாமதத்துக்கு ஒரு எண் கொடுத்தாக வேண்டும், அது எல்லா விமான நிலையத்திலும் உள்ள வழக்கம். மழையால் தரை வேலை தடைப்பட்டால் 77. விமானக் கோளாறு என்றால் 41. முதல் 25 நிமிஷத்துக்கு 77 என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. மீதி 11-க்குத்தான் இரண்டு நாள் ஈமெயில் ஓடியது. 41 போட்டால் அது எங்கள் தலையில் விழும், ஒப்பந்தத்தில் எங்கள் பெயருக்கு ஒரு கரும்புள்ளி. எங்கள் ஆபீஸ் எல்லாவற்றையும் 77-இலேயே சேர்க்கச் சொன்னது. அந்த விமானக் கம்பெனி மறுத்தது. கோளாறே இல்லையே, பின் எப்படி 41 என்று எங்கள் பக்கம் வாதாடினார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கடைசியில் 41-தான். எனக்கு விளக்கக் கடிதம்.

அந்த ஆபீஸ் சுவரில் "அவசரம் வேண்டாம், பாதுகாப்பே முதல்" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பெரிய போஸ்டர் இருந்தது. அதன் கீழேதான் மூன்று கோடு போட்ட அந்தப் படிவத்தை வைத்து எழுதினேன். போஸ்டரை ஒட்டியவர்கள் போலிகள் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் அதை நம்பித்தான் ஒட்டினார்கள். ஆனால் கவ்லிங்கைப் பார்க்காமலே 10:40-ஐ 10:24 என்று திருத்தியிருந்தால், யாரும் எனக்கு எந்தப் படிவமும் கொடுத்திருக்க மாட்டார்கள். விமானமும் நன்றாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும், லாட்ச் நான்கும் பூட்டியிருந்ததே. கீழே இறங்கிப் போய்ப் படுத்ததற்குத்தான் கரும்புள்ளி.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "அதுக்கென்ன, கேட்டைப் பூட்டினோமான்னு நீங்க பாதிப் பாலத்துல வண்டியத் திருப்பச் சொல்ற ஆளுதானே" என்றாள். உண்மைதான். சுங்கை பட்டாணியில் மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தடவை பாலம் தாண்டிப் பிறை என்ற ஊர் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறோம். பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் வரும்போது மட்டும்தான் டோல், போகும்போது கிடையாது. ஆக, பூட்டியிருந்த கேட்டைப் பார்த்துவிட்டு வர எனக்கு ஏழு ரிங்கிட் ஆனது. விமானத்துக்கு என்ன ஆனது என்று எங்கள் ஆபீஸில் யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள்.

பின்னால் வந்த சாவி

அதற்கப்புறம் வி2500 கவ்லிங்கின் முன் லாட்சில் மாற்றம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. திறக்கச் சாவி வேண்டும், சாவியில் ஒரு கொடி தொங்கும், லாட்ச் ஒழுங்காகப் பூட்டினால் ஒழிய சாவி கழன்று வராது. கழற்றின சாவி காக்பிட்டில் அதற்கான இடத்தில் இருக்க வேண்டும். நல்ல யோசனை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளை நம்பாமல் இரும்பை நம்புவது.

தம்பி இப்போது கோலாலம்பூரில் இருக்கிறான், அவனும் கையெழுத்துப் போடுகிற பி1 லைசென்ஸ் வாங்கிவிட்டான். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பாயான் பாருவில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். பேச்சுவாக்கில் அந்த மழை நாள் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் கேட்டதே இல்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவன்தான் பூட்டியிருப்பான், அதனால்தான் என் விரலில் ஞாபகம் இல்லை என்று எனக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

"நல்லவேளை, நீ பூட்டுனே தம்பி" என்றேன்.

அவன் கரண்டியால் தே தாரிக்கைக் கலக்குவதை நிறுத்தினான்.

"நானா? இல்லண்ணே. நான் கம்பியப் புடிச்சிட்டு இருந்தேன். நீங்கதான் கீழ குனிஞ்சீங்கன்னு நெனச்சேன்."

"நான் குனியல."

"அப்போ?"

கடைக்காரர் வந்து இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். இரண்டு ரொட்டி சானாய் சொன்னோம்.